காலும் காலமும்

(பெங்களூருத் தமிழ் அன்பர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1948 ஜூலை 31ஆம் நாள், லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டு என்ற ஊரின் கிரிக்கில்ஃபீல்டு மைதானத்தில் ஒலிம்பிக் கால்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. ஒரு பக்கம் பிரான்ஸ். மறுபக்கம், விடுதலை பெற்று ஓராண்டு நிறைய இன்னும் இரண்டு வாரம் மீதமிருந்த இந்தியா. பிரான்ஸ் ஒரு கோல் முன்னால் இருந்தது. 70ஆவது நிமிடத்தில் இந்திய அணியின் சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அது. பெயரைக் கேட்டதும் கும்பகோணத்துப் பெருமாள் நினைவுக்கு வரலாம். ஆனால் அந்த ஆட்டக்காரர் பெங்களூர்க்காரர், மைசூர் மாநில அணியின் ராமன். அந்த ஆட்டத்தைப் பற்றி இன்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: 'நம்மவர்கள் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்களாமே!' கோல் போட்டவர் பெயர் மறந்துவிட்டது, கால் மட்டும் நினைவில் நின்றுவிட்டது. நம் ஒலிம்பிக் வரலாற்றின் தொடக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த வெறுங்கால் கதை உதவவில்லை, அது வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது என்பதே இன்று நான் சொல்லவந்தது. தமிழில் 'கால்' என்ற சொல்லோடு இரண்டு எழுத்தைக் கூட்டினால் 'காலம்' வந்துவிடும். நாம் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்திருக்க வேண்டியது காலத்தை.

முதலில் அன்று நடந்ததைச் சரியாகச் சொல்லிவிடுவோம். இந்தியா மோத வேண்டியிருந்த பர்மா அணி விலகிக்கொண்டதால், நம் அணி நேரே பிரான்ஸைச் சந்தித்தது. நாகா மலைப்பகுதியிலிருந்து வந்த தாலிமெரன் ஆவ் அணித்தலைவர். ஏறத்தாழ 17,000 பேர் கூடியிருந்தார்கள். 30ஆவது நிமிடத்தில் கூர்பேன் பிரான்ஸுக்கு முதல் கோலைப் போட்டார். 70ஆவது நிமிடத்தில் ராமன் சமன் செய்தார். 89ஆவது நிமிடத்தில் பெர்சிய்யோன் பிரான்ஸின் இரண்டாவது கோலைப் போட, ஆட்டம் 2-1 என்று முடிந்தது. இடையில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன; இரண்டும் வீணாயின. இவ்வளவுதான் நிகழ்ச்சி. அடுத்த பன்னிரண்டாவது நாள் வெம்பிளியில் இந்திய ஹாக்கி அணி பிரிட்டனை 4-0 என்று வென்று தங்கம் வாங்கியது. நேற்றுவரை ஆண்டவனை அவன் வீட்டு முற்றத்திலேயே தோற்கடித்த அந்த வெற்றியின் வெளிச்சத்தில், இல்ஃபோர்டில் மயிரிழையில் தோற்ற ஆட்டம் மங்கிப்போனதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், அந்த மங்கலிலும் வெறுங்கால் மட்டும் துலக்கமாகத் தெரிந்ததுதான்.

அது எப்படித் தெரிந்தது என்பதையும் பாருங்கள். ஆட்டத்துக்குப் பிறகு ஆறாம் ஜார்ஜ் மன்னர் தற்காப்பு ஆட்டக்காரர் சைலேன் மன்னாவின் கால்சட்டையைத் தூக்கச் சொல்லி, காலென்ன இரும்பா என்று பார்த்தாராம். இதே கதையை வேறு சிலர் சொல்லும்போது மன்னருக்குப் பதிலாக இளவரசி மார்கரெட் வருகிறார். வெறுங்காலோடு ஆட அச்சமாக இல்லையா என்று கேட்கிறார். கேட்டவர் மாறுகிறார், கேள்வி மாறுகிறது, கால் மட்டும் மாறுவதில்லை. இன்னொரு கதை இதைவிடப் பெரிது. 1950இல் பிரேசில் உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றும் போகவில்லை. வெறுங்காலோடு ஆடக்கூடாது என்று ஃபிஃபா தடை விதித்ததுதான் காரணம் என்று பாடம்போலச் சொல்கிறார்கள். அப்படியொரு தடைதான் காரணம் என்றால், இரண்டே ஆண்டு கழித்து 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு எப்படி இறங்கினார்கள்? நீண்ட கப்பல் பயணம், பயிற்சிக்குப் போதிய நாள் இல்லாமை, ஆட்டக்காரர் தேர்வில் பிணக்கு, உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கே பெரிது என்ற அன்றைய எண்ணம் என்று நிர்வாகக் காரணங்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்றுகூடக் கதைக்கு அழகு சேர்ப்பதில்லை. ஆகவே பழி காலின்மேல் விழுந்தது.

கால்மேல் நமக்குள்ள இந்த மோகம் 1948இல் தொடங்கியதில்லை. இந்தியா ஒலிம்பிக்குக்கு அணி அனுப்பிய கதையே வெறுங்காலில்தான் தொடங்குகிறது. புனாவில் டெக்கான் ஜிம்கானா நடத்திய ஓட்டப் பந்தயங்களைப் பார்த்த சர் தோராப்ஜி டாட்டா, வயலில் வேலை செய்யும் எளிய உழவர் வீட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடியதைக் கண்டு வியந்தார். பிற்பாடு பன்னாட்டு ஒலிம்பிக் குழுத் தலைவருக்கு எழுதிய கடிதத்திலும் அதைக் குறிப்பிட்டார். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஆறு பேர் கொண்ட அணி போனது அவருடைய முயற்சியாலும் பண உதவியாலும். நால்வர் ஓட்டக்காரர்கள், இருவர் மல்லர்கள். அந்த ஓட்டக்காரர்களில் இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள் இருவர்: பெல்காமின் படேப்பா தரேப்பா சவுகுலே, ஹூப்ளியின் கைக்காடி. ஆனால் அதே அணியைத் தேர்ந்த கதையில் வேறொரு செய்தியும் பதிவாகியிருக்கிறது. ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் தகுதியாகக் கொள்ளலாம் என்ற பேச்சு வந்தபோது, தேர்வுக் குழுவில் ஒருவர் ஒன்றிரண்டு நிமிடம் இருக்கலாம் என்றாராம். அங்கே நிமிடத்துக்கு வேலையில்லை, நொடியும் நொடியின் பின்னமும்தான் கணக்கு என்று இன்னொருவர் திருத்த வேண்டியிருந்தது. கேட்டால் சிரிப்பு வரும். சிரித்து முடித்த பிறகு எண்ணிப் பாருங்கள்: ஓடுகிறவனின் காலை வியந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, அவன் ஓட்டத்தை அளக்கும் கடிகாரத்தைப் பார்க்கத் தெரியவில்லை. நம் ஒலிம்பிக் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இது எழுதப்பட்டுவிட்டது.

அந்த அளவு தெரியாத சூழலிலிருந்து போன சவுகுலே என்ன செய்தார்? ஆன்ட்வெர்ப் மாரத்தான் வழக்கமான தூரத்தைவிட நீளமானது, 42.75 கிலோமீட்டர். பின்லாந்தின் ஹன்னஸ் கோலெமைனன் 2 மணி 32 நிமிடம் 35 நொடியில் வென்றார். சவுகுலே 2 மணி 50 நிமிடம் 45 நொடியில் 19ஆவதாக வந்தார். உலகின் தலைசிறந்தவனுக்கும் பெல்காம்காரருக்கும் இடையே இருந்தது சுமார் 18 நிமிடம். இதைத் தோல்வி என்று தள்ளிவிடலாம். நான் இதை ஒரு கணக்காகப் பார்க்கிறேன். 18 நிமிடம் என்பது தெளிவான அளவு. பயிற்சியாலும் போட்டி அனுபவத்தாலும் குறைக்கக்கூடிய அளவு. அதை எப்படிக் குறைப்பது என்று கேட்டிருந்தால் வழி பிறந்திருக்கும். வெறுங்கால் பையன் அவ்வளவு தூரம் ஓடியதே பெரிது என்று முதுகில் தட்டிக்கொடுத்ததோடு நாம் நின்றுவிட்டோம்.

இப்போது பெங்களூருக்கு வருவோம். 1948 அணியில் இந்த ஊர்க்காரர் ராமன் மட்டும் இல்லை. கோல்காப்பாளர் வரதராஜ், முன்னணி ஆட்டக்காரர்கள் அகமது கான், தன்ராஜ், வஜ்ரவேலு என்று பலர் இங்கிருந்து போனவர்கள். ஒரே ஊரிலிருந்து இத்தனை பேர் நாட்டின் அணிக்குப் போனது தற்செயலாக நடக்காது. 1809இல் அல்சூரை ஒட்டி ஆங்கிலேயர் தண்டு, அதாவது படைக் குடியிருப்பு, அமைத்தபோது, மதராஸ் படையோடு தமிழ்க் குடும்பங்களும் வந்து குடியேறின. சிப்பாய், கொத்தனார், கடைக்காரர், சமையற்காரர், கூலிக்காரர் என்று பல தொழில் செய்தவர்கள். பட்டாளத்து மைதானங்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடிய ஆட்டத்தை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள், பிறகு தெருவுக்கு எடுத்துப் போனார்கள், பிறகு சங்கம் வைத்தார்கள். ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், கௌதமபுரம், சிவாஜிநகர் என்று தண்டுப் பகுதியில் இன்றும் கால்பந்து பேசப்படுவதற்கு அதுவே வேர். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை நெடுங்காலம் பட்டாள அணிகளே தூக்கிக்கொண்டிருந்தன. 1937இல் அதை முதன்முதலாக வென்ற இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். மறு ஆண்டும் வென்றது, 1948இல் மீண்டும் வென்றது. மாநிலங்களுக்கான சந்தோஷ் கோப்பையில் மைசூர் அணி 1946-47இலும் 1952-53இலும் வங்காளத்தையே வீழ்த்தி வாகை சூடியது. ஆக, ராமன் பந்தோடு பிறந்த காட்டுப்பிள்ளை இல்லை. குறைந்தது ஒரு தலைமுறை சங்கம் வைத்து, போட்டி நடத்தி, தோற்று, வென்று பழகிய ஊரின் விளைச்சல் அவர். வெறுங்கால் என்ற ஒற்றைச் சொல் இந்த வரலாறு முழுவதையும் மூடிவிடுகிறது. உழைப்பை வரமாகவும், பயிற்சியை இயல்பாகவும் அது மாற்றிவிடுகிறது.

அப்படியானால் வெறுங்கால் ஆட்டத்தில் பொருளே இல்லையா? உண்டு. கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு ஆடுகிறவன் நுனிக்காலால் பந்தைக் குத்த முடியாது, குத்தினால் விரல் போய்விடும். ஆகவே புறங்காலாலும் உள்பாதத்தாலும் பந்தைத் தொட்டுத் தொட்டு ஆடக் கற்கிறான். நீளமாக உதைப்பதைவிடக் குறுக்கே தட்டிவிடுவதில் தேர்கிறான். நம் ஊர்க் காய்ந்த செம்மண் தரையில் இந்த ஆட்டம் எடுபடும். 1911இல் கல்கத்தாவில் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தை வென்ற மோகன் பகானின் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு பூட்ஸ் இல்லை. ஆனால் ஐரோப்பாவின் ஈரப் புல்லில் கதை மாறும். அன்றைய தோல் பந்து நீர் குடித்துக் கனக்கும். அடியில் ஆணி வைத்த பூட்ஸ் இல்லாதவனுக்குப் பிடிமானம் கிடைக்காது. வெறுங்கால் மாயமும் இல்லை, இழிவும் இல்லை. குறிப்பிட்ட தரைக்கும் பருவத்துக்கும் ஏற்ற முறை அது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். அந்நாளில் இந்தியாவில் உள்நாட்டுக் கால்பந்துப் போட்டிகள் பெரும்பாலும் 70 நிமிடம், அதாவது பாதிக்கு 35 நிமிடம் என்ற கணக்கில்தான் நடந்தன. உலகம் ஆடியது 90 நிமிடம். ராமன் சமன் செய்தது 70ஆவது நிமிடத்தில். இந்தியக் கணக்குப்படி பார்த்தால் ஆட்டம் அங்கே 1-1 என்று முடிந்துவிட்டது. பிரான்ஸ் வென்றது, நம்மவர்கள் ஊரில் ஆடிப் பழகாத அந்தக் கடைசி 20 நிமிடத்தில். இதுவரை சொன்னவற்றில் என் வாதத்துக்கு அச்சாணி இதுதான். ஆட்டக்காரன் காலில் பூட்ஸ் இருந்ததா என்று எழுபது ஆண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவனை 90 நிமிடத்துக்குத் தயார் செய்து அனுப்பினோமா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? முதல் கேள்விக்கு ஆட்டக்காரன் பதில் சொன்னால் போதும். இரண்டாவது கேள்விக்குப் போட்டி நடத்திய சங்கங்கள் பதில் சொல்ல வேண்டும். முதல் கேள்வியே நமக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இதற்கு மறுப்புகள் எழும். ஒரே ஓர் ஆட்டத்தின் ஒரே ஒரு கோலை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா? 89ஆவது நிமிடத்தில் எந்த அணியும் கோல் வாங்கலாம். இரண்டு பெனால்டியில் ஒன்றைப் போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கோல் களைப்பினால்தான் விழுந்தது என்று நான் மெய்ப்பிக்க முடியாது, அப்படிச் சொல்லவும் இல்லை. நான் சொல்வது, 70 நிமிட ஆட்டத்துக்கும் 90 நிமிட ஆட்டத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு கண்ணுக்கெதிரே இருந்தும் அது கேள்வியாகவே எழவில்லை என்பதைத்தான். பெனால்டியும் கூட இந்தப் பக்கம்தான் சேரும். நெருக்கடியில் நின்ற பந்தை உதைப்பது பலமுறை செய்து பழக வேண்டிய வேலை. பூட்ஸ் இருந்திருந்தால் இரண்டும் வலைக்குள் போயிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நொறுக்கியது. ஈரமும் குளிரும் நிறைந்த அந்த நாட்டில் வெறுங்காலோடு ஆடியதுதானே காரணம்? அதற்குப் பிறகுதானே நம் கால்பந்துக் கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது? உண்மை. ஆட்டம் முடியும் தறுவாயில் ஆறுதலாக ஒரு கோல் போட்டவர் நம் ஊர் அகமது கான் என்பதும் உண்மை. ஆனால் அந்த யூகோஸ்லாவியா யார்? 1948, 1952, 1956 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கி, 1960இல் தங்கமும் வாங்கிய அணி. 1956இல் மெல்போர்னில் அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவை இந்தியா மீண்டும் சந்தித்தது. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் முதல் கோலைப் போட்டது இந்தியா, நெவில் டிசோசா. பிறகு 4-1 என்று தோற்றோம். ஒன்பது கோல் இடைவெளி நான்கு ஆண்டில் மூன்றாகக் குறைந்தது. 'பார்த்தீர்களா, பூட்ஸ் போட்டதும் குறைந்துவிட்டது' என்று சொல்லலாம். அங்கேதான் என் விடை இருக்கிறது. பூட்ஸ் வாங்க ஒரு நாள் போதும். பட்டை சுற்றி ஆடிப் பழகிய கால், ஆணி வைத்த தோலுக்குள் அதே நுணுக்கத்தோடு பந்தைத் தொட ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளில் சையத் அப்துல் ரஹீம் என்ற ஹைதராபாத் ஆசிரியர் பயிற்சியாளராக இருந்து அணியைச் செதுக்கினார். கோலில் தங்கராஜ், நடுவரிசையில் பெங்களூரின் கெம்பையா என்று தெற்கத்தி ஆட்டக்காரர்களும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களைக் கரைசேர்த்தது பூட்ஸ் என்றால், பூட்ஸோடு பழகக் கிடைத்த காலமும் அதில் பங்கு கேட்கும்.

மெல்போர்னில் நான்காம் இடம் கிடைத்ததே ஹங்கேரி விலகிக்கொண்டதால்தான், அதைப் பெரிதாகப் பேசலாமா என்றும் கேட்கலாம். அணிகள் குறைவு என்பது சரி. ஆனால் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை அதன் மண்ணில் 4-2 என்று வென்றதும், டிசோசா அதில் மூன்று கோல் போட்டதும் யாரும் விலகியதால் கிடைத்தவை இல்லை. இடத்தின் எண்ணைவிட, பழைய எதிரியோடு இருந்த இடைவெளி குறைந்ததே எனக்குச் சான்று.

வேறொரு மறுப்பு மனசாட்சியிலிருந்து வருவது. வெறுங்கால் என்பது வறுமை. பூட்ஸ் வாங்க வழியில்லாத பிள்ளைகளின் கதையை ஆட்டமுறை, தரை, பருவம் என்று பேசிப் பூசி மெழுகலாமா? மறைக்கக் கூடாதுதான். தண்டுப் பகுதித் தெருக்களில் பூட்ஸ் என்பது பலர் கைக்கு எட்டாத பொருளாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வறுமையை மதிப்பது வேறு, வறுமையை அலங்காரமாக்குவது வேறு. வெறுங்கால் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்கிறார்கள். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோமில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் தங்கம் வென்றதை உலகமே பாடுகிறது. அவரே 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 நொடியில் மறுபடியும் வென்றார். இரண்டாவது ஓட்டமே விரைவானது, ஆனால் நாம் விரும்பிச் சொல்வது முதல் ஓட்டத்தைத்தான். ரோமுக்கு முன்பே அவரைப் பழக்கிய பயிற்சியாளர் ஒருவர் இருந்தார் என்பது அந்தக் கதையில் வருவதே இல்லை. வறியவனின் திறமையை அதிசயமாக்கிவிட்டால், அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் தப்பித்துக்கொள்ளலாம். அதிசயத்துக்கு யாரும் பயிற்சிச் செலவு கொடுப்பதில்லை.

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். இங்கே கௌதமபுரத்தில் பெலேயின் சிலை நிற்கிறது. கடல் கடந்த ஒரு கறுப்பு ஆட்டக்காரனைத் தங்களவனாக வரித்துக்கொண்ட அந்தத் தெருவின் உள்ளம் பெரியது; அதில் குறை சொல்ல ஏதுமில்லை. அந்தச் சிலையைத் தாண்டி மைதானத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு ராமன், வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், அகமது கான், கெம்பையா என்ற பெயர்களையும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லும்போது கதையை அவர்கள் காலிலிருந்து தொடங்காதீர்கள். அவர்களை வளர்த்த சங்கங்களிலிருந்தும், அவர்கள் வென்ற கோப்பைகளிலிருந்தும், அவர்கள் ஆட நேர்ந்த நிமிடங்களின் கணக்கிலிருந்தும் தொடங்குங்கள். இல்ஃபோர்டில் 70ஆவது நிமிடம்வரை செய்யவேண்டியதை நம் ஊர்க்காரர் செய்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு இருந்த 20 நிமிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை.